இருதய ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, சீனியை என்ன செய்வது?

அப்பாவின் கிளினிக் கொப்பியில் டொக்டர் இரண்டே வரிதான் எழுதியிருந்தார். அப்லேஷன் என்ற இதயச் சிகிச்சைக்குப் பெயர் பதிந்தாயிற்று என்பது ஒன்று. கடந்த மாதங்களின் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 9.4, குறைத்துக்கொண்டு வரவும் என்பது மற்றது. எப்படிக் குறைப்பது, எவ்வளவுக்குக் குறைந்தால் போதும், எந்தக் குளிசையை என்றைக்கு நிறுத்துவது என்பதையெல்லாம் விளக்க அவருக்கு நேரமில்லை. வெளியே வாங்கு நிறையச் சனம் காத்திருந்தது. மிச்சத்தை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் நாங்களாகவே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டோம்.

கொழும்பில் இதே இரண்டு வரியோடு வீட்டுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை, சீனி வருத்தக்காரர் ஒருவரின் மகன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரின் கையில் இருக்கிறது. எந்தக் கேள்வியை எந்தக் கட்டத்தில் கேட்பது என்பதை மட்டும் நான் சொல்லித் தரலாம்.

முதலில், எந்தச் சிகிச்சை என்று கேளுங்கள்

"இருதய ஒப்பரேஷன்" என்று வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். தாளம் தப்பித் துடிக்கும் இதயத்துக்கு, அதாவது ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்ற வருத்தத்துக்கு, முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன.

அப்லேஷனில் நெஞ்சைத் திறப்பதில்லை. தொடைச்சந்தில் உள்ள நாளம் வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, இடது மேலறைக்குள் நுரையீரல் நாளங்கள் வந்து சேரும் வாய்களைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ தழும்பு உண்டாக்குவார்கள். தாளத்தைக் குழப்பும் கள்ள மின்சாரம் பெரும்பாலும் அந்த நாளங்களிலிருந்துதான் கிளம்புகிறது என்பதைப் பிரான்சின் போர்தோ நகரத்து வைத்தியர்கள் 1998இல் காட்டினார்கள். மற்றது மேலறையில் தழும்புக் கோடுகள் போடும் மேஸ் சத்திரசிகிச்சை. 1987இல் ஜேம்ஸ் கொக்ஸ் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் தொடக்கிவைத்த முறை இது. நெஞ்செலும்பைத் திறந்து செய்வார்கள், அனேகமாக வால்வு ஒப்பரேஷனோடு சேர்த்து. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு பழுதான நம் ஆட்கள் பலருக்கு இந்த இரண்டாவது வழிதான் வாய்க்கும்.

இரண்டிலும் சீனி செய்யும் கெடுதி வேறு வேறு. நீண்டநாள் கூடிய சீனி மேலறையின் தசையில் தழும்பையும் அழற்சியையும் வளர்க்கும். அதனால்தான் கட்டுப்பாடில்லாத சீனியோடு அப்லேஷன் செய்தவர்களுக்குத் தாளம் மறுபடி தப்புவது கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. திறந்த ஒப்பரேஷன் என்றால் பெரிய பயம் காயம். சீனி கூடின இரத்தத்தில் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும், நெஞ்செலும்புக் காயம் பழுத்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

மூன்று மாதம் இருக்கையில்

எச்.பி.ஏ.1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரிக் கணக்கு. சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள் வாழும், அதில் ஒட்டிய சீனியைத்தான் அளக்கிறார்கள். ஆகவே பரிசோதனைக்கு முதல்நாள் பட்டினி கிடந்து இந்தக் கணக்கை ஏமாற்ற முடியாது. அப்பா முயற்சி செய்து பார்த்தவர்.

6 என்றால் சராசரிச் சீனி ஏறத்தாழ 126 மில்லிகிராம். 7 என்றால் 154, 8 என்றால் 183, 9 என்றால் 212. உங்கள் சீனி மீற்றர் மில்லிமோலில் காட்டினால் 18ஆல் பெருக்குங்கள்: 10 மில்லிமோல் என்பது 180 மில்லிகிராம்.

எவ்வளவுக்கு வரவேண்டும்? நாள் குறித்துச் செய்யும் ஒப்பரேஷன்களுக்கு, முடிந்தவரை 8க்குக் கீழே என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது. பிரித்தானிய வழிகாட்டல் 8.5 வரை விடுகிறது. உங்கள் டொக்டர் எந்த எண்ணை நினைக்கிறார் என்று நேராகக் கேட்டு, கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். 6.5 வரவேண்டும் என்று நீங்களாக வைராக்கியம் எடுக்க வேண்டாம். பல வருடம் கூடியிருந்த சீனியைத் திடீரென்று இறக்கினால், விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு உள்ளவர்களுக்கு அது தற்காலிகமாக மோசமாகக்கூடும். கண் பரிசோதனை செய்து ஒரு வருடம் கடந்திருந்தால் இந்த மூன்று மாதத்துக்குள் அதையும் முடித்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் எச்.பி.ஏ.1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். தலசீமியாக் கூறு உள்ளவர்களிலும் அண்மையில் இரத்தம் ஏற்றியவர்களிலும் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. வீட்டு மீற்றர் 140, 150 என்று காட்டும்போது துண்டில் 9 என்று வந்தால், "டொக்டர், இரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பமா?" என்று கேட்பதில் தப்பில்லை.

அதேநேரம் எண்ணுக்காக ஒப்பரேஷனை ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிக்கொண்டே போவதும் நல்லதல்ல. ஏட்ரியல் பிப்ரிலேஷன் நாட்பட நாட்பட மேலறை விரிந்து, பிறகு திருத்துவது கடினமாகும். எண் முழுதாக வராவிட்டாலும் இறங்குமுகமாக இருக்கிறது என்று காட்ட ஒரு கொப்பி இருந்தால் டொக்டருக்கு முடிவெடுப்பது சுலபம்.

அந்தக் கொப்பி

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். போனிலே செயலி இருக்கிறதுதான், ஆனால் கிளினிக்கில் பூட்டின போனை டொக்டரிடம் நீட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஐந்து நிரல் போட்டோம்: திகதி, வெறும் வயிற்றுச் சீனி, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் சீனி, என்ன சாப்பிட்டார், நாடி. சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் விலையானது, கிளினிக்கில் அனேகமாகக் கிடைக்காது, அரச மருந்துக்கடையான ஒசுசலவிலோ வெளிப் பாமசியிலோதான் வாங்கவேண்டும். அதனால் தினமும் எல்லா நேரமும் குத்தவில்லை. காலமை ஒன்று கட்டாயம், மற்றது ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பின், ஒருநாள் மத்தியானத்துக்குப் பின், ஒருநாள் இரவுக்குப் பின் என்று மாற்றி மாற்றி. இன்சுலின் போடுகிறவர்கள் இதைவிடக் கூடுதலாகப் பார்க்கவேண்டியிருக்கும்.

குத்துமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவித் துடைக்கவேண்டும். ஒருநாள் 289 என்று வந்து வீடே கலங்கிப்போய்விட்டது. அப்பா கறுத்தக்கொழும்பான் மாம்பழம் உரித்த கையோடு குத்தியிருக்கிறார். கழுவிவிட்டுக் குத்தினால் 166. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைக்கவும் வேண்டாம், கொழும்பின் ஈரக்காற்றில் சீக்கிரம் பழுதாகும்.

முதல் கிழமையிலேயே கொப்பி ஒரு உண்மையைச் சொல்லிவிட்டது. வெறும் வயிற்றுச் சீனி 140ஐச் சுற்றித்தான் நின்றது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின்தான் 230, 240. எங்கள் வீட்டில் இரவென்றால் இடியப்பம்.

சாப்பாடு

இடியப்பத்தை விடச் சொன்னால் அப்பா என்னை விட்டிருப்பார். விடச் சொல்லவில்லை. பத்தை ஆறாக்கினோம், சொதி மட்டும் ஊற்றிச் சாப்பிடாமல் பருப்பும் மீன் துண்டும் ஒரு கை பயற்றங்காய்ப் பொரியலும் தட்டில் முதலில் வந்தன. அவற்றைப் பாதி முடித்த பிறகுதான் இடியப்பம். பிறகு மரைன் டிரைவில் கால் மணித்தியாலம் மெதுவாக நடந்தார். பத்து நாளில் அந்த 230 பெரும்பாலும் 180க்குக் கீழே வந்தது. எல்லாருக்கும் இதே எண் வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த வேளைச் சாப்பாடு உங்களை வீழ்த்துகிறது என்று கண்டுபிடித்து அந்த ஒரு வேளையைத் திருத்துவது, எல்லாச் சாப்பாட்டையும் ஒரேயடியாக மாற்றி மூன்றாம் நாள் கைவிடுவதைவிட நல்லது. நடப்பதற்கு முன் எவ்வளவு நடக்கலாம் என்று இதய டொக்டரிடம் கேளுங்கள். நாடி கண்டபடி ஓடும் நாளில் நடக்கவேண்டாம்.

நம் வீடுகளில் சில பொருட்களுக்கு நிரபராதி என்று பட்டம் கொடுத்து வைத்திருக்கிறோம். சிவப்பரிசி மா இடியப்பமும் மா இடியப்பம்தான். குரக்கன் நல்லது, ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் கடகடவென்று ஏறும். பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் சீனியின் அக்கா தங்கைதான்.

"அப்பா, காலமை என்ன குடிச்சனீங்கள்?"

"வெறும் தேத்தண்ணிதான்."

"சீனி?"

"சீனி எங்கை போட்டனான்? ஒரு துண்டு பனங்கட்டி கடிச்சனான்."

ஒரு துண்டு என்று அவர் காட்டிய அளவைப் பார்த்து அம்மா சிரித்துவிட்டார்.

'சீனி சேர்க்காத' என்று போட்ட பிஸ்கட்டிலும் கோதுமை மா இருக்கிறது. பின்னேரத் தேத்தண்ணிக்குப் பேக்கரி ரோல்ஸும் பற்றிஸும் வாங்கும் பழக்கம் இருந்தால் கிழமைக்கு ஒரு நாளாக்கிப் பாருங்கள், மீற்றரே மிச்சத்தைச் சொல்லும். நிறை கூடினவர்கள் சாப்பாட்டால் கொஞ்சம் இளைத்தால் சீனிக்கு மட்டுமல்லாமல் தாளத்துக்கும் நல்லது. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், அப்லேஷனோடு சேர்த்து நிறை, இரத்தஅழுத்தம், சீனி, குறட்டைத் தூக்கம், மது எல்லாவற்றையும் கவனித்தவர்களுக்குத் தாளம் நிலைத்து நின்றது கூடுதலாக இருந்தது. குறட்டை பலமாக விட்டு இடையில் மூச்சு நின்று நின்று போகிறவர் என்றால் அதை டொக்டரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

இனி இலைவகை. சீனிக்கு நல்லதென்று திடீரெனத் தினமும் காலையில் இலைக்கஞ்சி, மத்தியானம் வல்லாரைச் சம்பல், இரவு பொன்னாங்காணி வறை என்று தொடங்குகிறவர்கள் கவனியுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் குடிப்பவராக இருந்தால் இலைகளில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் இறங்கும், இரத்தம் கட்டிபடும் அபாயம் கூடும். இலை சாப்பிடக்கூடாது என்பதல்ல. எப்போதும் சாப்பிடும் அளவை ஒரே மாதிரி வையுங்கள். கூட்டுவதென்றால் கிளினிக்கில் சொல்லி ஐ.என்.ஆர். பார்த்துக்கொண்டே கூட்டுங்கள். அதே வேலைக்கான அபிக்சபான், ரிவரொக்சபான் குடிப்பவர்களுக்கு இந்த இலைப் பிரச்சினை இல்லை. யாரோ சொன்ன பாகற்காய்ச் சாறு, கசாயம், வெந்தயத் தூள் இவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். மருந்தோடு சேர்ந்து சீனியை அளவுக்குமீறி இறக்கக் கூடியவை அவை.

கூடிய சீனியைவிட அவசரமானது, குறைந்த சீனி

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

சீனி 70க்குக் கீழே போனால் சாதாரணமாகக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும், வியர்க்கும். ஆனால் தாளம் தப்பிய இதயத்துக்குப் பைசொப்ரொலோல், மெட்டோப்ரொலோல் போன்ற மருந்து கொடுத்திருப்பார்கள். அவை நடுக்கத்தையும் படபடப்பையும் மூடி மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. மறுபக்கத்தில், சீனி இறங்கிப் படபடப்பு வந்தாலும் "ஆ, பழைய வருத்தம்தான்" என்று நினைத்துப் படுத்துவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே எங்கள் வீட்டுச் சட்டம் இது: படபடப்போ, குளிர்ந்த வியர்வையோ, பேச்சில் குழப்பமோ வந்தால் முதலில் விரலைக் குத்து, பிறகு மற்றதெல்லாம்.

70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் மாவோ சீனியோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியதும், அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் இரண்டு கிறீம் கிறெக்கர். சொக்கலேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் மெதுவாகத்தான் ஏறும். மயங்கி விழுங்க முடியாதவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

ஒரு மாதம் இருக்கையில்: பட்டினி நாட்களை எண்ணுங்கள்

வெறும் வயிறாக வரச்சொல்லும் நாள் ஒப்பரேஷன் நாள் மட்டும்தான் என்று நினைத்தோம். எண்ணிப் பார்த்தால் மூன்று. மேலறையில் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் எக்கோ ஒன்று, நிறமருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஒன்று, பிறகு அப்லேஷன். ஒவ்வொரு பட்டினி நாளுக்கும் சீனிக் குளிசையை என்ன செய்வது என்று தனித்தனியாகக் கேட்கவேண்டும். நிறமருந்து ஏற்றும் நாள் என்றால் மெட்போமின் என்ற சீனிக் குளிசை பற்றியும் சிறுநீரகப் பரிசோதனை பற்றியும் சேர்த்துக் கேளுங்கள்.

இதே மாதத்தில் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் ஒரே தாளில் எழுதுவியுங்கள். இதயத்துக்கு ஒரு டொக்டர், சீனிக்கு இன்னொருவர், தனியாரில் சனல் பண்ணிப் பார்த்த மூன்றாமவர் என்று ஆளுக்கொரு துண்டு இருக்கும். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே மருந்து இரண்டு தடவை இருக்கலாம். தாளில் நான்கு நிரல் வேண்டும்: மருந்தின் பெயர், எதற்கு, கடைசியாகக் குடிக்கும் நாளும் நேரமும், மறுபடி தொடங்கும் நாள். கடைசி இரண்டு நிரலையும் மயக்கமருந்து டொக்டரோ வார்ட் டொக்டரோ நிரப்பவேண்டும், நீங்கள் ஊகிக்க வேண்டாம்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைச் சீனிக் குளிசைகளோடு சேர்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்லேஷனுக்குப் பல இடங்களில் அதை நிறுத்தாமலே செய்கிறார்கள், முந்தின மூன்று கிழமையில் ஒரு வேளையும் தவறக்கூடாது என்று சொல்வார்கள். நீரிழிவு உள்ளவருக்குத் தாளம் தப்பினால் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல், அந்தக் கணக்குப் போடும் முறையிலேயே நீரிழிவுக்கென்று ஒரு புள்ளி இருக்கிறது.

திறந்த ஒப்பரேஷன்காரர்கள் பல் டொக்டரையும் பார்த்துவிடுங்கள். பழுதான பல் வால்வுக்குக் கிருமி அனுப்பும், சீனியையும் ஏற்றும். மூட்டு வலிக்கு ஸ்டீரொய்ட் ஊசி போடுவதாக இருந்தால் தள்ளிவையுங்கள், சீனி சில நாள் துள்ளும்.

மூன்று நாள் இருக்கையில்

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல 'கிளிஃப்ளோசின்' என்று பெயர் முடியும் குளிசைகள் இப்போது சீனிக்கும் இதயத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. இவற்றை ஒப்பரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாளுக்கு முன் நிறுத்தவேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அறிவித்தது. காரணம் விசித்திரமானது. பட்டினியோடு இவை சேர்ந்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடலாம், ஆனால் மீற்றரில் சீனி 180, 200 என்று அமைதியாகத்தான் காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் "சீனி நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடக்கூடாது. இதயத்துக்கான குளிசை என்று நினைத்து இதைச் சீனிப் பட்டியலில் சேர்க்காமல் விடுகிறவர்கள் அதிகம். கிழமைக்கு ஒருதரம் போடும் நிறை குறைக்கும் ஊசி எடுப்பவர்கள் அதையும் முன்கூட்டியே மயக்கமருந்து டொக்டரிடம் சொல்லவேண்டும், வயிறு காலியாகத் தாமதமாகும்.

முதல்நாள் இரவும் அன்று காலையும்

திண்மச் சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிற்கவேண்டும், தெளிந்த தண்ணீர் இரண்டு மணித்தியாலம் வரை என்பது பொதுவான முறை. உங்கள் வார்ட் வேறு நேரம் சொன்னால் அதுதான் சரி. பால் தேத்தண்ணி தெளிந்த பானம் அல்ல. இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துப் பட்டினியை நீட்டாதீர்கள், வழமையான அளவு சாப்பிடுங்கள். இரவில் நீண்டநேரம் வேலைசெய்யும் இன்சுலினை முழுதாக விடச் சொல்லமாட்டார்கள், அனேகமாக ஐந்தில் ஒரு பங்கோ கால்வாசியோ குறைப்பார்கள், எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். சாப்பாட்டோடு போடும் இன்சுலின், சாப்பாடு இல்லாவிட்டால் இல்லை. காலையில் மெட்போமின், கிளிக்லசைட் ஆகிய சீனிக் குளிசைகளை வழமையாக நிறுத்தச் சொல்வார்கள்.

இந்தக் கடைசி வரியைத்தான் நாங்கள் தவறவிட்டோம். எங்களுக்குக் கிடைத்த அறிவுறுத்தல் தாள் எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. வாசித்துச் சொல்லுங்கோ என்று கேட்க நானும் கூச்சப்பட்டேன். காலை ஐந்து மணிக்கு அப்பா "மருந்தை விடக்கூடாது" என்று கிளிக்லசைட்டைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டார். எட்டு மணிக்கென்று சொன்ன முறை ஒன்றரைக்குத் தள்ளிப்போனது. பதினொரு மணிபோல் அவர் கட்டிலில் பேசாமல் படுத்திருந்தார். நடுக்கம் இல்லை, படபடப்பு என்று சொல்லவுமில்லை. தலையணையைச் சரிசெய்யக் கையை விட்டபோது உறை தொப்பலாக நனைந்திருந்தது. குத்திப் பார்த்தால் 58. தாதி ஓடிவந்து நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றினார், அன்றைய அப்லேஷனும் ஒருவாறு நடந்து முடிந்தது. அந்த நனைந்த தலையணை உறைதான் எனக்கு மருந்துத் தாளின் பெறுமதியைச் சொல்லித் தந்தது.

ஆகவே: தாளைத் தமிழில் சொல்லித் தரச் சொல்லிக் கேளுங்கள், சொல்வதை அங்கேயே தமிழில் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டுங்கள். சம்மதப் பத்திரத்துக்கும் அதே முறை. நீரிழிவு இருப்பதால் பட்டியலில் முதல் ஆளாகப் போடமுடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். முறை தள்ளிப்போனால் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் சீனி பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து புறப்படும் வழியில் சீனி இறங்கினால் குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை வார்ட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். ஒப்பரேஷன் பிந்தினாலும் பரவாயில்லை. காலையில் சீனி 250, 300 என்று இருந்தாலும் சொல்லுங்கள், இன்சுலின் கொடுத்து இறக்குவார்கள் அல்லது வேறு நாள் தருவார்கள்.

சிங்களம் அவ்வளவாக வராதவர்கள் மூன்று வசனத்தைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். "மட்ட தியவெடியாவ தியெனவா" என்றால் எனக்கு நீரிழிவு இருக்கிறது. "சீனி பெஹெலா" என்றால் சீனி இறங்கிவிட்டது. "உதே இந்தலா கேவே நே" என்றால் காலையிலிருந்து சாப்பிடவில்லை. உச்சரிப்புப் பிழைத்தாலும் அவசரம் விளங்கும்.

முடிந்த பிறகு

ஒப்பரேஷனின் அதிர்ச்சியால் சீனி ஏறும், அதுவரை குளிசை மட்டும் குடித்தவருக்கும் சில நாள் இன்சுலின் ஓடலாம். "வருத்தம் முத்திப்போச்சு" என்று யாரும் அழவேண்டாம், அனேகமாகத் தற்காலிகம். தீவிர சிகிச்சைப் பிரிவில் 180க்குக் கீழே வைத்திருந்தால் போதும் என்பது இப்போதைய வழமை. 81இலிருந்து 108க்குள் இறுக்கிப் பிடித்தால் நல்லதோ என்று பெரிய அளவில் பரிசோதித்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், இறுக்கிப் பிடித்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. எனவே 165 என்று பலகையில் கண்டு தாதியுடன் சண்டைக்குப் போகாதீர்கள். இன்சுலின் போட்டும் சாப்பாடு வரப் பிந்தினால் மட்டும் குரல் கொடுங்கள்.

மெட்போமின் சாப்பாடு இறங்கத் தொடங்கிச் சிறுநீரக அறிக்கை பார்த்த பிறகு. டபாகிளிஃப்ளோசின் வகை வழமைபோலச் சாப்பிடவும் குடிக்கவும் தொடங்கிய பிறகு. வீட்டுக்கு வந்ததும் தொடைச்சந்தையோ நெஞ்சுக் காயத்தையோ தினமும் பார்த்துச் சிவப்பு, நீர், வீக்கம் இருந்தால் அன்றே காட்டுங்கள்.

அப்லேஷனுக்குப் பின் முதல் இரண்டு மூன்று மாதம் இடைக்கிடை தாளம் தப்பலாம், அதை வைத்துத் தோல்வி என்று முடிவுகட்ட மாட்டார்கள். ஆனால் சில கிழமைக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, கைகால் சோர்வு, வாய் கோணல் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அண்மையில் அப்லேஷன் செய்தது என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அபூர்வமாக உணவுக்குழாய் பாதிக்கப்படும், பிந்தினால் உயிருக்கு ஆபத்து.

அடுத்த எச்.பி.ஏ.1சியை அவசரப்பட்டு எடுக்கவேண்டாம். ஒப்பரேஷனில் இரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதம்வரை அந்த எண் பொய் சொல்லும். அதுவரை பழைய கொப்பியையே தொடருங்கள். அப்பாவுடையது இப்போது இரண்டாவது கொப்பியில் ஓடுகிறது. இடியப்பம் ஆறு என்றுதான் எழுதியிருக்கிறார், ஏழாவதை அம்மா பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.